அடுத்து வருபவருக்கு அடுக்கிய விறகு

…அப்படியானால் வீடு என் பேரில் இருக்கிறது, ஆனால் எனக்கு மட்டும் இல்லை, அவ்வளவுதானே, இதைச் சொல்ல இத்தனை வார்த்தைகளா என்று நினைத்துக்கொண்டாள் லெம்பி. கோர்ட்டுத் தாழ்வாரத்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல் டார்லீன் விடுவதாக இல்லை. "டிரஸ்டின்னா காவல்காரி இல்ல லெம்பிம்மா, ஏரிக்கரை வீட்ட உங்க அம்மா உங்க கையில குடுத்தது உங்களுக்கும் உங்க தம்பிக்கும் சேத்துத்தான், அந்த மனுஷன் வந்து நிக்கறப்ப கதவு பூட்டியிருந்தா ஜட்ஜ் கேக்கத்தானே செய்வாரு." கேட்கட்டும்… ஆனால் கேட்டுவிட்டு என்னை நீக்கிவிட்டால்? தம்பி ரெய்னோ மனுவில் கேட்டிருக்கிறபடி வெளியாள் ஒருவரை டிரஸ்டியாகப் போட்டுவிட்டால், அவர் முதல் வேலையாக வீட்டை விற்றுப் பங்கு பிரித்துவிடுவார், டார்லீனே சொல்லிவிட்டாள், சிகாகோக்காரர் யாராவது வாங்கி, ஏரியோரத்து நீராவிக் குளியலறையை, அந்த சவுனாவை, இடித்துவிட்டு அந்த இடத்தில் படகை நிறுத்துவார். எதிர் பெஞ்சில் ரெய்னோ, அதே கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, மடியில் ஃபிளாஸ்க், இவள் பக்கம் திரும்பாமல் சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அப்படியே அப்பா ஜாடை, வயதானால் எல்லோருக்கும் அப்பா ஜாடை வந்துவிடுமா என்ன, அந்தக் காதுகூட…

காது, ஆமாம், சனிக்கிழமை சவுனாவின் வெக்கையில் அவனுக்கு அந்தக் காதுதான் முதலில் சிவக்கும். இன்னொரு கரண்டி தண்ணி ஊத்தட்டா அக்கா, ஓடிடுவியா என்பான், ஊத்துடா, யாரு மொதல்ல ஏரிக்கு ஓடறான்னு பாத்துடலாம் என்பாள் இவள், கல்லில் தண்ணீர் விழுந்ததும் சுர்ரென்று ஆவி எழும்பி முதுகைப் பிடிக்கும், முதுகில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மர இலைக் கொத்தின் பச்சை வாசனை, கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஓடுவார்கள், ஒன்றாகத்தான் தண்ணீரில் விழுவார்கள், ஆனாலும் நான்தான் ஜெயிச்சேன் என்று சாப்பாடு வரை சண்டை. அப்புறம் ஏலக்காய் மணக்கும் நீசு ரொட்டி, அம்மாவுக்குத் தெரியாமல் அதைக் காப்பியில் தோய்த்து… கிளம்புகிற நேரத்தில் அம்மா கடைசி ஆளாக மறுபடி சவுனாவுக்குள் போவாள். அடுப்புச் சாம்பலை வாரிவிட்டு, கீழே பிர்ச் பட்டை, மேலே சிராய், அதற்கும் மேலே குறுக்கும் நெடுக்குமாக விறகு, பலகையில் தீப்பெட்டி. யாருக்கும்மா என்றால், அடுத்து வர்றவங்களுக்கு என்பாள். யாரு வருவா? "யாருன்னு தெரிஞ்சாத்தான் அடுக்கணுமா? குளுருல வருவாங்க, அது போதும்." டிரஸ்ட் பத்திரம் எழுதிய அன்றும் அதே பிடிவாதம், விறகு அடுக்காமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று ஒரு வரி போடச் சொன்னாள், அந்தக் கிழ வக்கீல் சிரித்துவிட்டார், இதெல்லாம் சட்டத்துல நிக்காது ஹில்யாம்மா என்றார். "அப்ப டிரஸ்ட்னா என்னன்னு ஒங்க சட்டத்துக்குத் தெரியல, நீங்க எழுதுங்க." எழுதினார். டிரஸ்டி யார் என்று கேட்டபோது அம்மா யோசிக்கவே இல்லை, லெம்பி என்றாள், ரெய்னோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு சொல்லை இத்தனை வருஷமாக உள்ளே பொத்தி வைத்துக்கொண்டு, என்னைத்தான் சொன்னாள், என்னைத்தான் நம்பினாள் என்று… அப்படி நம்பிய வீட்டைக் காப்பாற்றுவது தப்பா?

அவன்தானே தன் மருமகனுடைய மான் வேட்டைக் கூட்டாளிகளை உள்ளே விட்டான், அவர்கள்தானே அம்மாவின் தறிக் கம்பளத்தில் ரத்தக் கறை படியவிட்டு, அப்பா செய்த முக்காலியை உடைத்துத் தீயில் போட்டார்கள். வீடுன்னா நாலு பேரு புழங்கத்தான் செய்வாங்க, இது என்ன மியூசியமா என்று அவன் சிரித்தானே, அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. அந்த அக்டோபரில் தனியாகப் போய்ப் பூட்டை மாற்றினாள், தாழ்வாரத்து ஆணியில் ஐம்பது வருஷமாகத் தொங்கிய சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், வழியெல்லாம் அவனோடு வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டே காரை ஓட்டினாள், நவம்பரில் அவன் மனைவி மிரியமோடு வந்து வெறும் ஆணியைப் பார்த்திருக்கிறான்…

நிழல் விழுந்தது. ரெய்னோ எதிரே நின்றான், ஃபிளாஸ்க் மூடியில் காப்பி, ஆவி பறந்தது.

"ஆறிடும், குடி."

"எம்மேல கேஸும் போட்டுட்டு, காப்பி வேறயா?"

"கேஸு வக்கீல் போட்டது, காப்பி மிரியம் போட்டது. நீசு கொஞ்சம் கருகிடுச்சு, அதையும் கோர்ட்டுல சொல்லிடாத."

டார்லீன் தொண்டையைச் செருமினாள், இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. வாங்கிக் குடித்தாள், சர்க்கரை இல்லாமல், அவளுக்குப் பிடித்த மாதிரி, மறக்கவில்லையே பாவி…

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லடா, பூட்டப் பாத்த அன்னிக்கு."

"அங்க எங்க போன் எடுக்குது? மிரியமுக்கு வெரலெல்லாம் வெறச்சுப் போச்சுக்கா. நல்லவேள, சவுனாவுக்குப் பூட்டு போட ஒனக்குத் தோணல."

"சவுனாவுக்கு எவடா பூட்டு போடுவா?"

"உள்ள போனோம். அடுப்பு வெறுமன கெடந்துச்சு, சாம்பலோட." குத்தலாக இல்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னான். "அப்பறம் தேடிப் பொறுக்கி மூட்டிக் குளுரு காஞ்சோம். கெளம்பறப்ப அடுக்கிட்டுத்தான் போனேன்."

வெறுமனயா, இருக்காது, நான் அடுக்காமல் கிளம்பியதே இல்லை, அக்டோபரில்கூட… பூட்டை மாற்றினேன், சாவியை எடுத்தேன், காரில் ஏறினேன்… மறுபடி சவுனா பக்கம் போனேனா? குளித்தது ஞாபகம் இருக்கிறது, அடுக்கியது ஏன் ஞாபகம் வரவில்லை? கோர்ட்டு ஆள் கதவைத் திறந்து ஹில்யா கங்காஸ் டிரஸ்ட் வழக்கு என்று அம்மா பேரைக் கூப்பிட்டான், அவளே உள்ளே இருப்பதுபோல. டார்லீன் எழுந்து, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க என்றாள். முழங்கால் பிடித்துக்கொண்டது, ரெய்னோ கையை நீட்டினான், பிடித்து எழுந்தாள், காலி மூடி இன்னும் அவள் கையிலேயே. அதற்கடுத்த மே மாசம் முதல் ஆளாகப் போய், மழையில் ஈரம் சொட்டச் சொட்ட சவுனாவுக்குள் நுழைந்து, அடுக்கி வைத்திருந்த விறகைப் பார்த்து, என்னைப்போல யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே குச்சியைக் கிழித்தேனே, ஒரே குச்சியில் பற்றிக்கொண்டதே, சிராயெல்லாம் விரல் கனத்துக்கு, ரெய்னோ கீறுகிற மாதிரி, அவ்வளவு மெல்லிசாக… அப்போதுகூட, இது யார் அடுக்கியது என்று ஏன் கேட்டுக்கொள்ளவில்லை நான்…