அண்ணன் வந்த அத்தியாயம்

வார இதழில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்த சின்னுவுக்கு அந்தக் கணவன் பாத்திரம் மட்டும் பிடிபடவே இல்லை.

"பொண்டாட்டிய அடிக்கிறவன்னு எழுதிருக்கீங்க. அவன் காலையில எழுந்ததும் என்ன செய்வான்னுகூட எனக்குத் தெரியலையே," என்றார் ஆசிரியர்.

வேறு வழியில்லாமல், போன வருடம் மாரடைப்பில் போன அண்ணனை இரவல் வாங்கினாள். தங்கமான மனிதர். சவரம் செய்ததும் தாடையைத் தடவியபடி, "ஆள் தேறுவேனா?" என்று வீட்டையே கேட்பார். ரொட்டியில் ஓரத்தைத்தான் முதலில் பிய்த்துத் தின்பார். அதையெல்லாம் அந்தக் கணவனுக்குக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் கற்பனையாகச் சேர்த்தாள்: அக்கம்பக்கத்தில் கேட்காமலிருக்க, அடிப்பதற்கு முன் அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவான்.

ஆசிரியர் போனிலேயே துள்ளினார். "இப்பத்தாங்க ஆள் ரத்தமும் சதையுமா நிக்கிறான்!"

இதழ் வெளிவந்த மறுநாள் மத்தியானம் அண்ணி வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யாருடி சொன்னது உனக்கு?"

"எதை அண்ணி?"

"குழாயை."

"யாரும் சொல்லல. நானா யோசிச்சு எழுதினது."

"எங்க அம்மாகிட்டகூட நான் வாய் திறந்ததில்ல. நீ யோசிச்சியாக்கும்!"

அண்ணனா அப்படிச் செய்தார் என்று கேட்க வாயெடுத்தாள் சின்னு. அப்போதுதான் அந்தப் பழைய நினைவு மேலே வந்தது. சாத்திய குளியலறைக் கதவு. உள்ளே தண்ணீர் கொட்டும் இரைச்சல். அம்மா முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "கண்ணுல சோப்பு பட்டுடுச்சு" என்பாள். அதுவரை சிறுமி சின்னுவின் காதுகளை இறுக்கிப் பொத்தியிருக்கும் இரண்டு கைகள்.

"எங்க அப்பாவும் அப்படித்தான் அண்ணி," என்றாள். "அண்ணன்தான் என் காதைப் பொத்துவாரு. அவர் காதைப் பொத்த யாரும் இல்ல."

"அதுக்காக நான் அவரை மன்னிக்கணுமா?"

"வேண்டாம்."

அண்ணி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அந்தப் பொண்ணு அடுத்த வாரம் என்ன ஆவா?"

"இன்னும் எழுதல."

"வீட்டைவிட்டு அனுப்பிடு. அவன் திருந்திட்டான்னு மட்டும் எழுதித் தொலைச்சிடாதே."

அப்படியே எழுதினாள்.

அந்த அத்தியாயம் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். "படிச்சேன். நல்லா இருந்துச்சு." அதற்குமேல் அவளும் பேசவில்லை, சின்னுவும் பேசவில்லை. ஆனால் இருவருமே போனை வைக்கவில்லை.