இருபத்தேழு பேர் தேர்ந்தெடுத்த டயர்

காலை ஆறே முக்கால் மணி. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டிய ஆள் அடுப்புக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தான். கண் மட்டும் கைப்பேசியை விட்டு நகரவில்லை.

"பால் பொங்குதுங்க!" குளியலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"ஒரு நிமிஷம்மா. நாலாவது வீடியோ முடியப்போகுது."

சொட்டச் சொட்டத் தலையைத் துவட்டிக்கொண்டே ஓடிவந்து அவளே அடுப்பை அணைத்தாள். எட்டிப் பார்த்தால், திரையில் ஒருவர் டயர் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக வீட்டில் இதே கூத்துதான். சாப்பிடும்போதும் டயர், பல் தேய்க்கும்போதும் டயர், மகளின் கணக்குப் பாடத்துக்கு நடுவிலும் டயர்.

அவன் ஒரு காகித ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மேலாளர். ஆலையின் பேருந்து தினமும் தெருமுனைக்கே வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும். ஆனாலும் போன வருடம் ஆசை ஆசையாக ஒரு சிவப்பு நிற வேகக் கார் வாங்கினான். அதை அவன் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், அதுவும் வெயில் அடித்தால் மட்டும். வாங்கிய கையோடு வேகக் கார் பிரியர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டான். அங்கே அவனுக்குப் பட்டப்பெயர் 'மின்னல்'. பால் பொங்கினால்கூட அசையாத மனிதனுக்கு இப்படி ஒரு பெயரை யார் வைத்தார்களோ தெரியவில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை அந்தக் காரை ஓட்டுவது அவள்தான். அவள் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர். காலை ஏழு பத்துக்குக் கிளம்பி, வாலு என்று செல்லமாகக் கூப்பிடும் எட்டு வயது மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஏரிக்கரைச் சாலையில் பதினான்கு கிலோமீட்டர் போக வேண்டும். வெயில் காலத்தில் அங்கே தார் இளகி நாறும். மழைக்காலத்தில் சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடும். குளிர்காலக் காலைகளில் பனியில் தரை நனைந்தே கிடக்கும். அந்தச் சாலையின் ஒவ்வொரு குழியும் அவளுக்கு அத்துப்படி.

பழைய டயர்கள் தேய்ந்ததுமே அவள் சொல்லிவிட்டாள். "ஏங்க, மழைக்காலம் வரப்போகுது. ஈர ரோட்டுல பிரேக் போட்டா நிக்கிற மாதிரி ஒண்ணு பாருங்க, போதும்."

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. இது என்ன சாதா காரா? ரப்பர் கலவை, பக்கச் சுவரோட விறைப்பு, எவ்வளவு விஷயம் இருக்கு தெரியுமா?"

"தினமும் நான் ஓட்டுற வண்டிங்க இது."

"அதனாலதானே இவ்வளவு மெனக்கெடுறேன்! எல்லாம் உனக்காகத்தான்."

உனக்காக என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே நான்கு டயர்களின் படங்களைக் குழுவில் போட்டு வாக்கெடுப்பு நடத்தினான். இருபத்தேழு பேர் வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவர் வருடத்துக்கு நாலு தூறல் விழும் பாலைவன ஊரில் இருப்பவர். இன்னொருவர் இன்னும் கார் வாங்கவே இல்லை, வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர். அவர்களுக்கெல்லாம் வாக்கு உண்டு. ஏரிக்கரைச் சாலையில் தினமும் போய் வருகிறவளுக்கு மட்டும் கிடையாது. பந்தயத் தடத்துக்கென்றே செய்த ஒரு டயர் அமோகமாக வென்றது. சனிக்கிழமை நண்பர்கள் புடைசூழக் கடைக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். சாதாரண டயரில் தண்ணீரை ஒதுக்க இருக்கும் பள்ளங்கள் அதில் பெயருக்குத்தான் இருந்தன.

"என்னங்க இது, வழுக்கைத் தலை மாதிரி இருக்கு?"

"அதுதான் அதோட அழகே. காஞ்ச ரோட்டுல அப்படியே பசை மாதிரி ஒட்டும்."

"ஈர ரோட்டுல?"

"ஈர ரோட்டுல உன்னை யாரு வேகமா ஓட்டச் சொன்னா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் ஏற்கெனவே டயரைப் படம் எடுப்பதற்காகத் தரையில் படுத்துவிட்டான். படுத்திருப்பவனிடம் என்ன சண்டை போடுவது?

செவ்வாய்க்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்குத் திரும்பும் ரவுண்டானாவுக்கு அவள் மெதுவாகத்தான் வந்தாள், முப்பதைத் தாண்டவில்லை. பிரேக்கை மிதித்தாள். மிதி காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்ததே தவிர, கார் நின்றபாடில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அது திரும்பியது, கார் திரும்பவில்லை. தண்ணீரின் மேல் மிதந்தபடி நேராகப் பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போனது. அங்கே பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து ஓடக்கூட அவர்களுக்கு நேரமில்லை. அவர்களின் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

குடை வைத்திருந்த ஒருவர் ஜன்னலைத் தட்டினார். "குழந்தைய வெச்சுக்கிட்டு இப்படியா வர்றது? ஓட்டத் தெரியலன்னா எதுக்கும்மா காரை எடுக்கிறீங்க?"

பதினோரு வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறவள் அவள். பின்னாலிருந்து வாலு மெல்லக் கேட்டாள். "அம்மா, அவங்க மேல ஏத்தியிருப்போமா?"

காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கணவனுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"ஐயய்யோ! பம்பர்ல கீறல் ஏதும் விழுந்துச்சா?" என்றான் முதலில். "வாலு நல்லா இருக்காளா?" என்பது இரண்டாவது. மூன்றாவதாக, "நீ டக்குன்னு பிரேக்கை மிதிச்சிருப்பே, அதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். அவள் போனை வைத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன்மேல் அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

சாயங்காலம் பெரிய சண்டை வரும் என்று அவன் பயந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்தான். சண்டை வரவில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் கார் சாவி இருந்தது.

"நாளைக்கு ஆலைக்கு லீவு சொல்லுங்க. ஏழு பத்துக்கு நீங்க ஓட்டுறீங்க. நான் பக்கத்துல உக்காந்து வரேன்."

"அப்ப வாலு?"

"எதிர்வீட்டு அக்கா அவங்க பசங்களோட கூட்டிட்டுப் போறாங்க. இந்த டயர்ல இனிமே என் பொண்ணை ஏத்த மாட்டேன்."

மறுநாளும் மழை கொட்டியது. முதல் வளைவில் மின்னல், "பாத்தியா, எல்லாம் கை வாகுலதான் இருக்கு" என்றான். இரண்டாவது வளைவில் பேச்சு நின்றது. ஏரிக்கரைச் சாலையில் தண்ணீர் படர்ந்திருந்த இடத்தில் காரின் பின்பக்கம் தானாக ஒரு சாண் நகர்ந்தது. அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். அறுபதில் போக வேண்டிய சாலையில் நாற்பதுக்கு வந்தான், முப்பதுக்கு வந்தான், கடைசியில் இருபதில் ஊர்ந்தான். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ரொட்டி ஏற்றிப் போகும் பழைய வேன் ஒன்று அவனைத் தாண்டிப் போனது. அதன் ஓட்டுநர் சிவப்புக் காரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

சிக்னலுக்கு வெகு தூரம் முன்னாலேயே பிரேக் போட்டும், கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்த்தான் நின்றது. விளக்கு மாறியதும் ஓரமாக நிறுத்தினான். ஏசி காற்றிலும் அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"நேத்து இப்படித்தான் வந்தியா?"

"நேத்து பின்னாடி வாலு இருந்தா."

அவன் திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தான். காலியாக இருந்த அந்த இருக்கையை வெகுநேரம் பார்த்தான். அப்புறம் இருபது வேகத்திலேயே டயர் கடைக்கு விட்டான். அவளும் தாமதமாக வருவதாக மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டாள்.

கடையில் விற்பனையாளர் ஓடிவந்து அவனுக்குக் கை கொடுத்தார். அவளைப் பார்த்து, "மேடம், நீங்க உள்ள உக்காருங்க, பத்திரிகை எல்லாம் இருக்கு. நான் சார்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். அவனிடம் திரும்பினார். "சொல்லுங்க சார், நீங்க எப்படி ஓட்டுவீங்க?"

பழக்க தோஷத்தில் அவன் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"என்னைக் கேக்காதீங்க. வண்டிய ஓட்டுறது இவங்க. இவங்களைக் கேளுங்க."

நகைச்சுவை என்று நினைத்து விற்பனையாளர் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் நிறுத்திக்கொண்டார்.

அவள் கேட்டாள். "ஈர ரோட்டுல பிரேக் போட்டா எத்தனை அடியில நிக்கும்? குளிர்காலக் காலையில ரப்பர் கெட்டிப்பட்டுப் போகுமா? பாதி தேஞ்ச பிறகும் தண்ணிய ஒதுக்குமா? டயர் எப்ப செஞ்சது, அந்தத் தேதி எங்க இருக்கு?"

விற்பனையாளர் உள்ளே போய்ப் பட்டியலைப் புரட்டிவிட்டு ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். எல்லாக் காலத்துக்கும் ஏற்றது, வேகக் காருக்கும் பொருந்தும், அகலமான பள்ளங்கள். தேதியையும் காட்டினார். பிறகு, பழக்கப்படி மறுபடியும் அவன் பக்கமே திரும்பினார். "ஆனா சார், பாக்குறதுக்கு அவ்வளவு எடுப்பா இருக்காது."

"அந்தப் பந்தய டயரை ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். "இல்ல, சும்மா கேட்டேன். இதையே மாட்டுங்க."

அவள் விற்பனையாளரைப் பார்த்துப் பேசினாள். கணவனுக்கும் சேர்த்துத்தான்.

"என் கவுண்டருக்கு மருந்து கேட்டு யார் வந்தாலும், 'சாப்பிடப் போறது யாரு?'ன்னுதான் முதல்ல கேப்பேன். கேக்காம கொடுத்தா ஆளையே கொன்னுடும். டயரும் அப்படித்தாங்க. வண்டி யார் பேருல இருக்கு, யாருக்கு எது பிடிச்சிருக்குங்கறது மழைக்குத் தெரியாது. ஓட்டப் போறது யாரு, எந்த ரோட்டுல, எந்தக் காலத்துலன்னு கேட்டுட்டு அப்புறமா வித்துப் பழகுங்க, வாங்கிப் பழகுங்க. நேத்து பெஞ்சுல உக்காந்திருந்த ஆறு பேர் உயிரோட வீட்டுக்குப் போனாங்க. அது டயரோட கெட்டிக்காரத்தனம் இல்ல, அவங்க அதிர்ஷ்டம். அடுத்தவங்க அதிர்ஷ்டத்தை நம்பி நாம வண்டி ஓட்டக் கூடாது."