ஆபீசருக்குப் பசிக்கவில்லை

தையல்காரிக்குக் காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிச் சீருடைச் சட்டை, தூக்கத்தில்கூடத் தைத்துவிடக்கூடிய வேலை. அதில் வலது கையை இடது தோளில் வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் அதே தப்பைச் செய்தாள். நடுநடுவே எழுந்துபோய்ப் பின்னறைக் கதவில் காதை வைத்தாள். உள்ளே சத்தமே இல்லை. திரும்பி வந்து போனை எடுத்துப் பார்த்தாள். பூனை டாக்டர் இன்னும் கூப்பிடவில்லை.

பின்னறையில் ஆபீசர் இருந்தார். ஹாலில், வெட்டுத்துணிக் குவியலுக்குள் ரவுடி இருந்தான். இரண்டும் கூடப்பிறந்த பூனைக்குட்டிகள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கியபோது கிரீஸும் புழுதியுமாகக் கிடந்தவற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஒன்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வைத்த சாப்பாட்டைக் கையெழுத்துப் போட மனமில்லாத ஃபைலைப் போலப் பார்க்கும். அதனால் அது ஆபீசர். மற்றதற்கு ஏன் ரவுடி என்று பேர் வந்தது என்பதை வீட்டுத் திரைச்சீலைகளைக் கேட்டால் தெரியும்.

வந்த வாரமே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பூனைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் வைரஸ் ஆபீசரின் உடம்பில் இருந்தது. ரவுடிக்கு இல்லை.

"மனுஷங்களுக்கு ஒட்டாது. பூனைக்குப் பூனை எச்சில்ல ஒட்டும்," என்றார் டாக்டர். "அதனால ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிடக் கூடாது, ஒண்ணை ஒண்ணு நக்கக் கூடாது. தனித்தனியா வைங்க. சின்னவனுக்கு ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் பண்ணுவோம்."

"பெரியவர் பிழைப்பாரா டாக்டர்?" என்று தையல்காரி கேட்டாள்.

"நல்லா பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா இருப்பார். உடம்புல எதிர்ப்புசக்தி கம்மி, அதான் விஷயம். பச்சைக் கறி, பச்சை முட்டை எதுவும் கண்ணுல காட்டாதீங்க. பூனைக்குன்னு விக்கிற டப்பா சாப்பாடுதான் முக்கியம், வேகவச்ச கோழி அதுக்குத் தொட்டுக்க. உப்பு வேண்டாம், வெங்காயம் ஆகவே ஆகாது. வெதுவெதுப்பா குடுங்க, அப்பத்தான் மணம் வரும். பட்டினி மட்டும் போட்டுடாதீங்க. ரெண்டு நாள் சாப்பிடலைன்னா ஈரல் கெட்டுடும்."

கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். அவளும் கிளிப்பிள்ளை மாதிரியே பிடித்துக்கொண்டாள். பின்னறையிலிருந்த துணி மூட்டைகளை ஹாலுக்கு மாற்றி, ஆபீசருக்குத் தனித் தட்டு, தனிக் கிண்ணம், தனிப் போர்வை என்று குடித்தனமே வைத்துக் கொடுத்தாள். உள்ளே போகும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். புருஷன் தன் பங்குக்கு அந்தக் கதவில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டினான். விட்டால் தானாக மூடிக்கொள்ளும். அதைப் பெருமையாக நாலுமுறை திறந்து மூடிக் காட்டினான்.

எல்லாம் சரி, ஆபீசர்தான் சாப்பிடவில்லை. அந்தக் குழிக்குள் கிடந்த காலத்திலிருந்து இரண்டும் தலையோடு தலை முட்டிக்கொண்டு சாப்பிட்டுப் பழகியவை. பக்கத்தில் ரவுடி சப்புக்கொட்டும் சத்தம் கேட்டால்தான் இவருக்கு வாய் திறக்கும் போலிருந்தது. அவள் சூடு பண்ணிப் பார்த்தாள். விரல் நுனியில் வைத்து நீட்டிப் பார்த்தாள். பாதத்தில் தடவினால் நக்கித்தானே ஆகவேண்டும் என்று தடவிப் பார்த்தாள். அவர் பாதத்தை உதறிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தடவிக்கொடுத்தால் விலா எலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மதியம், முந்தின நாளிலிருந்து ஒரு வாய்கூட உள்ளே போகாத நிலையில், அவள் அந்தக் கதவைத் திறந்துவிட்டாள்.

ரவுடி அம்பு மாதிரி பாய்ந்தான். அண்ணன் முகத்தை நக்கினான், காதைக் கடித்தான், நேராகப் போய்த் தட்டில் வாயை வைத்தான். ஆபீசர் எழுந்து வந்து பக்கத்தில் தலையை நுழைத்தார். இரண்டும் சேர்ந்து வழித்து நக்கியதை அவள் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்புறம் ரவுடியை இழுத்து வெளியே விட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

சாயங்காலம் புருஷன், "ஆபீசர் சாப்பிட்டாரா?" என்றான்.

"தட்டைக் காலி பண்ணிட்டார்."

"உன் கைப்பக்குவம் அப்படி," என்றான் அவன். பாவி மனுஷன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் தட்டு காலியாகவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாளும் கதவைத் திறந்தாள். அப்புறம் அது மதிய வேலைகளில் ஒன்றாகிப்போனது.

நேற்றுக் காலை ரவுடிக்கு ரத்தம் எடுக்கப் போனபோது டாக்டர் கேட்டார்: "பிரிச்சுத்தானே வச்சிருந்தீங்க? கடைசியா ஒண்ணா இருந்த நாள்லேர்ந்து கணக்குப் பண்ணணும். நடுவுல சேர்ந்திருந்தா இந்த டெஸ்ட்டை நம்பவே முடியாது."

"கதவுக்கு ஸ்பிரிங் போட்டிருக்கேன் டாக்டர். தானா மூடிக்கும்," என்றான் புருஷன்.

"பெரியவர் சாப்பாடு?"

"அதுல பிரச்சினையே இல்ல. என் வீட்டுக்காரி குடுத்தா தட்டு காலி."

தையல்காரி சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. கதவைத் திறக்கவில்லை. ஆபீசரும் சாப்பிடவில்லை.

இன்று மத்தியானத்துக்கு மேல்தான் போன் வந்தது. ரவுடிக்கு ஒன்றும் இல்லையாம். புருஷன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்து ரவுடியைத் தலைக்குமேல் தூக்கினான். உடனே அக்காவுக்குப் போன் போட்டான். "எடுத்துட்டுப் போக்கா, பையன் சுத்தம்."

அவன் அக்கா, தையல்காரிக்கு அண்ணி, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். யார் முகத்துக்கு எது பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வீட்டில் மகாராணி என்றொரு கிழட்டுப் பூனை வைத்திருந்தாள். அதற்குத் துணையாக ரவுடியைத் தரச்சொல்லி வாரக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரி மெஷினுக்கும் அடுப்படிக்கும் பின்னறைக்கும் நடந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் ஏதாவது நல்லதாகப் பேசித் தொலைத்தான். "நீ மட்டும் இல்லன்னா ஆபீசர் எப்பவோ போயிருப்பார்," என்றான். "ரெண்டையும் காப்பாத்திட்டே."

அவள் ரவுடியைப் பார்த்தாள். எதுவும் இல்லாமலும் இருக்கலாம், உள்ளுக்குள் வளர்ந்துகொண்டும் இருக்கலாம். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் இந்த மனுஷன் அவளை இனி எந்தக் கண்ணால் பார்ப்பான்? சொல்லாவிட்டால்?

அண்ணி கூடையோடு வந்தாள். கூடையில் தன் பழைய சால்வையை மடித்துப் போட்டிருந்தாள். "மகாராணிக்குப் பல்லே இல்லம்மா. எல்லாத்தையும் மசிச்சுத்தான் குடுக்கிறேன். இவன் அவ தட்டைப் பிடுங்காம இருந்தாச் சரி," என்று சிரித்தாள். ரவுடியைக் கூடைக்குள் விட்டு மூடியைக் கட்டினார்கள். அவன் உள்ளிருந்து கத்தினான். பின்னறையிலிருந்து ஆபீசர் பதில் கொடுத்தார். அண்ணி வாசல் தாண்டிவிட்டாள்.

"அண்ணி, கூடையைக் கீழ வைங்க."

"என்னம்மா?"

"அவனைக் கொண்டுபோகக் கூடாது. நான் கதவைத் திறந்துட்டேன்."

புருஷனுக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கதவை?"

"பின்னறைக் கதவை. நீங்க வேலைக்குப் போனப்புறம், மத்தியானத்துல. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல. முந்தாநாள் வரைக்கும் ரெண்டும் ஒரே தட்டுலதான் சாப்பிட்டுச்சு. டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்ததை நம்ப முடியாது."

"டாக்டர் கேட்டப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்."

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை போலிருந்தது. பேசியது அண்ணிதான். "என் மகாராணி தட்டுல இவன் வாய வச்சிருப்பானே. இந்த வயசுல அது தாங்குமா? வாசல் தாண்டுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கியே, நீயெல்லாம்..." அண்ணிக்கு மூச்சு வாங்கியது. தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சொன்னதில் எதுவும் தப்பில்லை. அவமானமாக இருந்தது. ஆனால் காலையிலிருந்து முதல்முறையாகக் கால் ஓரிடத்தில் நின்றது.

உள்ளே ஆபீசர் மறுபடி கத்தினார். கத்தலில் தெம்பில்லை. அண்ணி அந்தக் கதவையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

"அவன் சாப்பிட்டானா?"

"யாரு அண்ணி?"

"உள்ள இருக்கிறவன். நீ திறந்துவிட்டப்ப சாப்பிட்டானா?"

"சாப்பிட்டார் அண்ணி. தட்டைப் பளபளன்னு நக்கிட்டார்."

அண்ணி கூடையைக் கீழே வைத்துவிட்டு, தானும் படியில் உட்கார்ந்தாள். "இப்ப?"

"நேத்துக் காலையிலேர்ந்து வெறும் தண்ணி."

"அவன் சாப்பிட மாட்டேங்கிறான்னு டாக்டர்கிட்ட ஒரு தடவையாவது சொன்னியா?"

"இல்ல. சாப்பிடுறார்னு உங்க தம்பிகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். இவர் அதையே அங்க சொன்னார்."

"ஏம்மா, பசி எடுக்கறதுக்கு மாத்திரை இருக்கு. மகாராணிக்குக் குடுத்திருக்கேன். கேட்டிருந்தா அன்னிக்கே எழுதிக் குடுத்திருப்பாரே. இந்தக் கதவையே நீ தொட்டிருக்க வேண்டாமே."

தையல்காரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. புருஷன் போனை எடுத்து டாக்டரின் எண்ணைத் தட்டினான். மணி அடிக்க ஆரம்பித்ததும் அவள் கையில் கொடுத்தான்.

"நீயே சொல்லு," என்றான்.

எதிர்ப்பக்கம் எடுத்தார்கள். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர், எங்க ஆபீசர் சாப்பிடுறதில்ல. முதல்லேர்ந்தே சாப்பிடுறதில்ல."