நன்னாரிதான்

முதலாளி அந்தப் பொட்டலத்தைப் பிரித்து அவளுடைய முறத்தில் கொட்டியபோது, நாட்டுமருந்துக் கிடங்கில் வேர் பொறுக்கிக்கொண்டிருந்த ஆறு பெண்களும் கை வேலையை நிறுத்தினார்கள். விற்றுப் போன சரக்கு திரும்பி வந்து அவர்கள் பார்த்ததில்லை. நன்னாரி வேர், பாதிப் பொட்டலம். உறையின் மேல் 'பக்க விளைவு அற்றது' என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதை யாரோ ஈரக் கையால் பிடித்திருக்க வேண்டும், கடைசி எழுத்துகள் கரைந்து போயிருந்தன.

"இத முகர்ந்து பாத்துச் சொல்லும்மா. நன்னாரியா, வேற ஏதாவதா?"

வாங்கியவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். ஓய்வுபெற்ற தபால்காரர். நீர்க்கடுப்புக்கு நல்லது என்று அவர் மனைவி பத்து நாளாக இந்த வேரைக் கொதிக்க வைத்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது ஓயாத வாந்தி, நாடித்துடிப்பு நாற்பதுக்குக் கீழே.

"அவரு இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறவராம். நல்ல நன்னாரியா இருந்தாலே அந்த மாத்திரையோட குடுத்திருக்கக் கூடாதுன்னு டாக்டர் கத்தறாரு. வேற வேர் கலந்திருந்தா வைத்தியமே வேறயாம். உடனே சொல்லுங்கன்னு உட்காந்திருக்காரு."

"உடனே என்ன உடனே? நம்ம மூக்கரசிக்கு ஒரு மூச்சு போதும்" என்றாள் எதிர் முறத்துக்காரி. "போன வாரம் நான் என்ன குழம்பு கொண்டு வந்தேன்னு வாசல்லயே சொன்னவளாச்சே."

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். போன வாரம் சொன்னது வாசத்தால் அல்ல. தூக்குவாளியின் விளிம்பில் ஒட்டியிருந்த முருங்கைக்காய்த் தோலைப் பார்த்துச் சொன்னது.

எட்டு மாதங்களுக்கு முன்னால் வந்த காய்ச்சல் ஐந்து நாளில் போய்விட்டது. போகும்போது அவளுடைய மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போனது. முதல் வாரம் சளி என்று நினைத்தாள். இரண்டாவது வாரம் சோப்பு, மண்ணெண்ணெய், மகளின் தலைமுடி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் முகத்தருகே கொண்டுபோனாள். எல்லாம் ஒன்றுபோல, சுவரை முகர்ந்ததுபோல இருந்தன. மூன்றாவது வாரம் அழுதாள். அதன்பின் நடிக்கப் பழகினாள்.

வேர் பொறுக்குகிறவளுக்குக் கண் இருந்தால் போதும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நன்னாரிக்கு அது போதாது. கம்பி போல நீண்டு, கறுத்த தோலில் குறுக்கே வெடித்து, அச்சு அசலாக அதே மாதிரி ஒரு காட்டுக்கொடியின் வேரும் இருக்கிறது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, கிடங்கில் 'போலி' என்பார்கள். தோண்டுகிறவர்கள் அவசரத்தில் இரண்டையும் சேர்த்தே கட்டி அனுப்புவார்கள். ஒரே சாக்கில் நாலு நாள் கிடந்தால் போலி வேர் நல்ல வேரின் வாசத்தைப் பூசிக்கொள்ளும். மேலாக முகர்கிறவர்கள் அங்கேதான் ஏமாறுவார்கள். தோலைச் சுரண்டி, ஒடித்து, உள்ளங்கைச் சூட்டில் நசுக்கி, ஒடிந்த வாயை முகர வேண்டும். நன்னாரி என்றால் அங்கேதான் இனிப்பாக எழும்பும். இந்த வழியை இந்தக் கிடங்குக்குக் கொண்டு வந்தவளே அவள்தான். பதினான்கு வருடங்கள். பிறந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்டு யாரும் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தியதில்லை. புகுந்த வீட்டில் அவள் சொன்னதை இன்னொருவர் திரும்பச் சொன்னால்தான் காதில் விழும். இங்கே மட்டும், அவள் 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் ஒரு லாரி திரும்பிப் போனது. அந்தச் சொல்லை எப்படி விடுவாள்? எட்டு மாதமாகக் கண்ணாலும் விரல் நுனியாலும் பிரித்தாள். பழக்கம் கைகொடுக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

முறத்திலிருந்து ஒரு வேரை எடுத்தாள். நகத்தால் சுரண்டினாள், ஒடித்தாள், நசுக்கினாள். எல்லோரும் பார்க்க, வழக்கம்போலக் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். வெறும் காற்று. சில்லென்று உள்ளே போய், சில்லென்று திரும்பி வந்தது.

தெரியவில்லை என்று சொல்ல வாய் எடுத்ததாகத்தான் பிறகு அவளுக்கு ஞாபகம்.

"நன்னாரிதான்" என்றாள்.

முதலாளி அங்கேயே நின்று போன் போட்டார். "எங்ககிட்ட இருக்கற கை தேர்ந்த ஆளு பாத்தாச்சுங்க டாக்டர். சுத்தமான சரக்கு." அவர் முகத்தில் ரத்தம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே அவள் ஒடித்த வேரை முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

தலைவலி என்று சொல்லி நாலு மணிக்கே கிளம்பினாள். கணவனின் தையல் கடை வீட்டின் முன்னறைதான். அவன் சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இத கொஞ்சம் முகர்ந்து பாருங்க."

"என்னம்மா இது, டாக்டருக்கே கம்பவுண்டர் பாக்கற வைத்தியமா? உன் வேல எனக்கெதுக்கு?"

"பாருங்க."

அவள் குரலில் என்ன கேட்டதோ, மெஷினை நிறுத்தினான். "வாசமாத்தான் இருக்கு."

"அது மேல. ஒடிஞ்ச எடத்துல பாருங்க."

அவன் மறுபடி முகர்ந்தான். முகம் சுளித்தான். "இங்க ஒண்ணும் இல்லையே. பச்ச மரக்கட்ட மாதிரி... லேசா ஒரு கசப்பு நெடி. ஏன், உனக்குத் தெரியலயா?"

அவன் கால் பட்டு மெஷினின் சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

"எத்தன நாளா?"

"எட்டு மாசம்."

"அப்போ அன்னிக்கு கேஸ் கசிஞ்சப்போ..." அவன் முடிக்கவில்லை. அன்று அவள் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தாள். அவன்தான் ஓடிவந்து தட்டிவிட்டான். உனக்குக் கவனமே இல்லை என்று இரண்டு நாள் திட்டியிருந்தான். "எங்கிட்டகூடச் சொல்லலயே" என்றான். அதற்குக் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளிக்குப் போன் செய்தாள். எட்டு மாதத்தையும், அந்த வேர் போலி என்பதையும் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"வாசம் தெரியாத ஆளு சொன்னதத்தான் டாக்டருக்குச் சொன்னேன்னு இப்போ நான் எப்படிப் போய்ச் சொல்ல? கடைய இழுத்துப் பூட்டச் சொல்லுவாங்க" என்றார். பிறகு தணிந்த குரலில், "மீதிச் சாக்க ஓரமா வெச்சுடறேன், போதுமா? அவருக்கு வயசாச்சு, ஏற்கெனவே நோயாளி. நீ ஆஸ்பத்திரிப் பக்கம் போய் நின்னுடாத" என்றார்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இருந்தது. வயசாச்சு. ஏற்கெனவே நோயாளி. அந்த ஆறுதல் எவ்வளவு சுலபமாக உள்ளே வந்து உட்கார்ந்தது என்பதைக் கண்டதும் போனை வைத்தாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் என்பதால் வார்டில் தடுக்க ஆளில்லை. தபால்காரரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலில், வருடக்கணக்கில் வெயிலில் அலைந்து முன்கை மட்டும் கறுத்துப்போன மனிதர் ஒருவர் வாயைத் திறந்தபடி கிடந்தார். தலைமாட்டில் நாடித்துடிப்பை அளக்கும் பெட்டி பச்சை எண்ணில் முப்பத்தெட்டு என்று காட்டியது. மருத்துவர் அடுத்த வார்டில் இருப்பதாகச் சொன்னார்கள். நர்ஸ், வார்டின் மறுகோடியில் முதுகைக் காட்டி எழுதிக்கொண்டிருந்தாள்.

அவர் மனைவி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கணவரின் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். மறு கையில் தண்ணீர் பாட்டில். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை. கலங்கிய செம்பழுப்பு.

"அம்மா, அத கீழ வைங்க."

"சத்தம் போடாதம்மா, நர்ஸ் காதுல விழப்போவுது." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் மொதல்ல நிறுத்தச் சொல்லிட்டாரு. நானும் ரெண்டு நாளா, என் கையாலயே வெஷம் குடுத்துட்டேனோன்னு செத்துச் செத்துப் பொழச்சேன். மத்தியானம் கடைக்காரரே எனக்குப் போன் போட்டாரு, சுத்தமான நன்னாரிதானாம். அப்பறந்தான் உசுரு வந்துச்சு. வீட்டுல கொஞ்சம் வேரு மிச்சம் இருந்துச்சு, கொதிக்க வெச்சு எடுத்தாந்துட்டேன். உள்சூட்ட எடுத்துடும்ல?"

பாட்டிலில் இரண்டு விரல் அளவே மீதி இருந்தது.

"நீ யாரும்மா, கடையில இருந்து வரியா?"

"அத நன்னாரின்னு சொன்னது நான்தாம்மா."

பாட்டில் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அந்த அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பற்றித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "நீதானா? நீ நல்லா இருக்கணும் தாயி. உன் வாயாலதான் எம்மனசுல பாரம் எறங்குச்சு." ஈரமான, சூடான, எலும்பு தெரியும் கைகள். அத்தனை நம்பிக்கையோடு அவளை வாழ்நாளில் யாரும் தொட்டதில்லை. அதை இன்னும் ஒரு மூச்சு நேரம் வைத்துக்கொள்ள மனம் கெஞ்சியது.

"அது நன்னாரி இல்லம்மா" என்றாள். மெல்லச் சொன்னது போதவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள். "நர்ஸம்மா! அது நன்னாரி இல்ல!"

நர்ஸ் திரும்பினாள். ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. அந்த அம்மாவின் முகத்தை எட்டிய சொல் அவள் கைகளை இன்னும் எட்டவில்லை. அவை நன்றி சொன்ன இறுக்கத்திலேயே அவளைப் பிடித்துக்கொண்டிருந்தன. கட்டிலில், தபால்காரரின் கடைவாயிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கி, நரைத்த தாடி மயிர்களுக்கு இடையே தயங்கித் தயங்கி வழி தேடி, கழுத்துக் குழியில் வந்து தேங்கியது.