பிரிக்காத கவர்

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஷாஹுலுக்கு, சூலூரில் டைப்பிங் சென்டர் நடத்தும் எபினேசரைக் கண்டாலே எரிந்தது. மனிதர் ஸ்கூட்டர் வாங்கி மூன்று வருஷமாகியும் சீட்டின் பாலிதீன் கவரைப் பிரிக்காதவர். இப்போது இவரிடம் வாங்கிச் செத்துப்போன கம்ப்யூட்டரையும் கவரோடு தூக்கிவந்து மேஜையில் தொம்மென்று வைத்தார்.

"ஏனுங்க, பத்தே நாள்ல பிராசசர் வெந்துபோச்சுங்க. புதுசு குடுங்க."

"கவரைப் போட்டு மூடி வெச்சா வேகாம என்னங்க பண்ணும்? உங்களைப் பாலிதீன்ல சுத்திச் சித்திரை வெயில்ல நிறுத்துனாத் தெரியும்."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எபினேசரின் முகம் கறுத்தது.

"ஆன் பண்றப்ப கவரை எடுத்துருவனுங்க. ஃபேன் மாட்டுனது நீங்கதானுங்களே, தொறந்து காட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"பாக்கட்டுமுங்க. நான் மாட்டுனதுல குத்தம் இருந்தா, புது பிராசசர் என் செலவு" என்றார் ஷாஹுல், கூட்டத்துக்கும் கேட்கும்படி.

கேபினெட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டார். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. அந்தத் தெம்பில் சுவிட்சை அணைத்து, கிளிப்பை நெம்பி, ஃபேனையும், அதைத் தாங்கி பிராசசரின் சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட் சிங்க்கையும் கழற்றினார். அதன் அடியில், பிராசசரைத் தொட வேண்டிய இடத்தில், மாட்டும் முன் உரித்தெறிய வேண்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே உருகி ஒட்டியிருந்தது.

சட்டென்று உள்ளங்கையால் மூடினார். எபினேசர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கையை எடுங்க பாய். இது யாரூட்டுக் கவருங்க?"

நாலு பேரும் மறுபடி சிரித்தார்கள். ஷாஹுல் பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரியிலிருந்து புது பிராசசரை எடுத்தார். எபினேசர் ஸ்டூலை இழுத்து அவர் முட்டியோடு முட்டியாகப் போட்டு உட்கார்ந்தார்.

"மாட்டுங்க. பாத்துட்டுத்தான் போவனுங்க."