கோணாமலை தண்ணிக்குள் விழுந்துவிட்டார்

கைக்கடிகாரத்துக்குச் செயலி செய்யப்போகிறேன் என்று கொழும்பு வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்த கஜானிக்கு, செயலி செய்வது பெரிய காரியமாகத் தெரியவில்லை. பன்னிரண்டு மனிசரைப் பிடிப்பதுதான் உயிரை வாங்கியது. புதிய ஆள் ஒருவர் செயலிக் கடையில் எதையும் வெளியிட வேண்டுமென்றால், பன்னிரண்டு பேர் அதைப் பதினான்கு நாள் விடாமல் பரிசோதிக்க வேண்டும். ஒருவர் விலகினாலும் நாள் எண்ணிக்கை முதலிலிருந்து. ஏற்கெனவே இரண்டு தடவை எவனோ ஒருத்தன் பாதியில் கழன்றுகொண்டான். இந்தத் தடவையும் சறுக்கினால் மானம் கெட்டுப் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

ஓட்டமாவடியில் போன் கடை வைத்திருக்கும் தோழி முப்லிஹா பத்துப் பேரைத் திரட்டித் தந்தாள். கத்தாரிலிருந்து வந்து, ஸ்டிக்கர்கூட உரியாமல் ஷோகேஸில் குந்தியிருந்த கடிகாரங்களுக்கு அன்றுதான் வெளிச்சம் பட்டது. பதினோராவது ஆள் கஜானியின் அப்பா கோணாமலை. பன்னிரண்டாவதுக்கு ஆளே அகப்படாமல், அப்பாவுக்குத் தெரியாமல் பெரியப்பா வினாயகமூர்த்தியைச் சேர்த்தாள். வயல் வட்டையில் ஒரு வரம்புக்காக அண்ணனும் தம்பியும் ஆறு வருடமாக முகம் பார்ப்பதில்லை.

வாவியில் தனியாக மீன்பிடித் தொழில் செய்கிறவர் விழுந்தால் கடிகாரம் கண்டுபிடித்து மற்றவர்களுக்கு அறிவிக்கும். அதுதான் செயலி. அப்பாவுக்குத் தலைச்சுற்று இருந்தது, தனியாகப் போகாதீங்க என்றால் கேட்கிற ஆளும் இல்லை. அந்தப் பயம்தான் கஜானியை இதில் இறக்கிவிட்டது. வீட்டு மெத்தையில் நாற்பது தரம் தொப்புத் தொப்பென்று விழுந்து அளவெடுத்தாள். அம்மா பயந்துபோய் மந்திரித்து நூல் கட்டுவிக்க ஆள் தேடினாள். இவ்வளவும் செய்தவள், அப்பா வீச்சுவலைக்காரர் என்பதை மட்டும் யோசிக்கவேயில்லை.

முதல் நாள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கோணாமலை உடம்பைச் சுழற்றி வலையை வீசினார். மனிசன் சரிந்துவிட்டான் என்று கடிகாரம் முடிவுகட்டியது. ‘நலமா?’ என்று கேட்டு அரை நிமிடம் பொறுத்தது. ஈரக் கைக்குத் திரை மசியவில்லை. உடனே மற்றப் பதினொரு கைகளிலும் செய்தி அதிர்ந்தது: கோணாமலை தண்ணிக்குள் விழுந்துவிட்டார்.

ஓட்டமாவடிக்காரர்கள் பதறிப்போய்க் கஜானிக்குப் போன் எடுத்தார்கள். பெரியப்பா போன் எடுத்துக்கொண்டு நிற்கவில்லை. கோயிலுக்கு உடுத்த வெள்ளை வேட்டியோடு ஓடிவந்து வாவிக்குள் பாய்ந்தார்.

“ஆரு இஞ்ச வரச்சொன்ன?” என்றார் கோணாமலை, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“உன்ட கைதான் சொன்ன.”

பிறகு ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்த வசவெல்லாம் கொட்டப்பட்டது. அந்தப் பக்கத்தில் இறால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பெரியப்பா திட்டி முடித்துக் கரையேறும்போது கோணாமலை அடுத்த வலையை வீசினார். பெரியப்பாவின் கை அதிர்ந்தது. ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரும்பவும் இறங்கினார்.

கஜானி வெட்கத்தில் செத்தாள். சோறு தண்ணி மறந்து வேலை செய்து, வீச்சு வேறு விழுகை வேறு என்று கடிகாரத்துக்குப் புரியவைத்து, ஏழாம் நாள் புதுப்பித்தாள். பத்தாம் நாள் கோணாமலை கடிகாரத்தைக் கழற்றி மேசையில் போட்டார்.

“இது பழுதாப் போச்சு.”

“திருத்தியிருக்கன் அப்பா. இப்பதான் சரியா வேல செய்யுது.”

“ஒண்டும் சொல்லுதில்ல. பழையபடி ஆக்கித் தா. இல்லாட்டி என்ட பேர வெட்டு.”

பேரை வெட்டினால் பதினொன்று. கஜானிக்குக் கோபம் தலைக்கேறியது. பதிவுகளைத் திறந்து பார்த்தாள். ஏழு நாளில் அப்பா நூற்றுப் பதினெட்டுத் தரம் ‘விழுந்திருந்தார்’. முதலில் ஒவ்வொரு தரமும் பெரியப்பாவின் கடிகாரம் வீட்டிலிருந்து கரைக்கு வந்திருந்தது. நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை, அப்பா வாவியில் நின்ற நேரமெல்லாம் அது கரையைவிட்டு அசையவேயில்லை.

நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு, கையில் கட்டிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது பொய்யெண்டு தெரியும்தானே பெரியப்பா? என்னத்துக்கு ஒவ்வொருக்காவும் ஓடின நீங்க?”

“தெரியும் மகள். பொய்யெண்டு நான் இருந்து, அண்டைக்கு அவன் மெய்யா விழுந்திருந்தா?” கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “இப்ப மூணு நாளா ஒண்டும் வருதில்ல. கூப்பிடாத இடத்துக்கு நான் எப்பிடிப் போற?”

கஜானிக்கு அழுகை வந்தது. அதைவிடக் கூடுதலாக எரிச்சல் வந்தது. இரண்டு கிழவர்கள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச, வானத்தில் ஒரு செயற்கைக்கோள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அன்றே உட்கார்ந்து, ‘வலை வீசினாலும் சொல்லு’ என்று ஒரு தெரிவைப் புதிதாகச் சேர்த்தாள். அப்பாவின் கடிகாரத்தில் அதைத் திறந்து, செய்தி பெரியப்பாவுக்கு மட்டும் போகும்படி விட்டாள். பெரியப்பா கரையில் நின்றால் அப்பா மெய்யாக விழுந்தாலும் தூக்க ஆள் இருக்கும்.

பதினைந்தாம் நாள் செயலிக் கடை ஒரு படிவம் அனுப்பியது. பரிசோதனையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள், எதை மாற்றினீர்கள் என்று கேட்டிருந்தது.

‘பெரிய பிழை ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்தினோம்,’ என்று எழுதினாள் கஜானி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடுத்த வரியையும் எழுதி அனுப்பினாள்: ‘பரிசோதகர்கள் கேட்டுக்கொண்டதால் அதைத் திரும்பவும் போட்டுவிட்டோம்.’