மோகனூருக்குப் போக வேண்டிய லோடு

காளியாத்தாள் தீவன ஆலையில் அன்று காலை ஒன்பது மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. அலுவலக வாசலில் மாக்கோலம், உள்ளே குத்துவிளக்கு. கண்ணாடி அறைக்குள் இருந்த பழைய சர்வருக்குக்கூட யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். திருச்செங்கோட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் இரண்டு காரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பத்தரை வரைக்கும் நல்ல நேரம். அதற்குள் சின்னண்ணன் தம் கையால் ஒரு பொத்தானை அழுத்துவார். பதினான்கு வருஷமாக ஓடிய பழைய சாஃப்ட்வேர் நின்று, புதியது வேலையை எடுத்துக்கொள்ளும் என்று ஏற்பாடு.

சின்னண்ணனுக்கு எழுபத்து மூன்று வயது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. ஆலையை நடத்துவது மகன் குணசீலன்தான். ஆனால் வாசல் பலகையில் இருப்பது சின்னண்ணனைப் பெற்றவளின் பெயர். அந்தப் பெயரை ஒரு பண்ணைக்காரன் வாயில் குறையாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அவர் தினமும் காலையில் வந்து அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். முப்பத்தோரு வருஷத்தில் இந்த ஆலையின் தீவனம் வராமல் எந்தப் பண்ணையிலும் கோழி பட்டினி கிடந்ததில்லை. அதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் யாராவது சொன்னால் மறுப்பதுமில்லை.

புதுசாக வருவது என்னதான் செய்யும் என்று சம்பந்தி கேட்டார். சின்னண்ணன் தமக்குப் புரிந்தபடி விளக்கினார். பண்ணைக்காரர் செல்போனில் ஆர்டர் போடுகிறார். அது தீவனம் கலக்கும் மிஷினுக்குத் தெரிய வேண்டும்; குடோனுக்கும் எடை மேடைக்கும் லாரி அனுப்புகிறவனுக்கும் பில் போடுகிறவனுக்கும் தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி சாமான். ஒன்றின் பாஷை இன்னொன்றுக்குத் தெரியாது. நடுவில் நின்று எல்லார் பேச்சையும் எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த சாஃப்ட்வேரின் வேலை.

"கல்யாணத் தரகர் மாதிரின்னு வெச்சுக்குங்க" என்றார்.

"அப்பக் கமிஷன் ரெண்டு பக்கமும் வாங்குமுங்களே" என்றார் சம்பந்தி. முன்வரிசை சிரித்தது.

சேலத்துக் கம்பெனியிலிருந்து இந்த வேலைக்காக வந்திருந்தவள் தனப்பிரியா. முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு மாதமாக ஆலையின் மூலையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். கடைசிப் பத்து நாளாக அவள் செய்த வேலை சின்னண்ணனுக்குப் பிடித்திருந்தது. வருகிற ஒவ்வொரு ஆர்டரையும் பழைய சாஃப்ட்வேருக்கும் புதியதற்கும் சேர்த்தே கொடுத்தாள். லாரி போனது பழையதன் சொல்படிதான். புதியது காகிதத்தில் மட்டும் வேலை செய்தது. மறுநாள் காலையில் இரண்டும் என்ன செய்தன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். முதல் மூன்று நாள் எட்டுப் பத்து வித்தியாசம் வந்தது, சரி செய்தாள். பிறகு நானூற்றுச் சொச்சம் பண்ணைகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல விசாரிக்கிறாள் என்று சின்னண்ணன் மகனிடம் சொல்லியிருந்தார்.

ஒன்பதே முக்காலுக்கு அவள் எழுந்து குணசீலனிடம் வந்து மெதுவாக ஏதோ சொன்னாள். குணசீலனின் முகம் மாறியது. அவன் அப்பாவின் அருகில் வந்து குனிந்து, இன்றைக்கு வேண்டாம் என்கிறாள் என்றான். இன்று காலை ஒப்பிட்டதில் ஒரே ஒரு வரி பொருந்தவில்லையாம்.

சின்னண்ணன் முன்வரிசையைப் பார்த்தார். சம்பந்தியம்மா கையில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார். இத்தனை பேரை வரச்சொல்லிவிட்டு, விளக்கை ஏற்றிவிட்டு, வேண்டாம் என்று அனுப்பினால் திருச்செங்கோடு வரைக்கும் நான்கு நாளைக்கு அதுதான் பேச்சாக இருக்கும். ஒரு வரிக்காகவா என்று கேட்டார். அதையேதான் தானும் கேட்டதாகக் குணசீலன் சொன்னான். அந்தப் பெண்ணின் மேலதிகாரி தீனதயாளனும் சேலத்திலிருந்து போனில் அதையே கேட்டிருக்கிறார். பழையதில் ஏதாவது கோளாறு இருக்கும், நானூறில் ஒன்றுக்காக நிறுத்தாதே, அழுத்தச் சொல் என்றாராம். அவள் கேட்கவில்லை.

"என்ன அம்மிணி இது?" என்று சின்னண்ணன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். குரல் உயரவில்லை. அவர் குரல் உயராதபோதுதான் ஆலையில் எல்லாரும் பயப்படுவார்கள்.

தனப்பிரியா விளக்கினாள். ஒரு பண்ணைக்காரர் ஆர்டர் எதுவும் போடவில்லை. ஆனால் பழைய சாஃப்ட்வேர் தானாகவே அவர் பெயரில் எட்டு டன்னுக்கு ஆர்டர் போட்டு மிஷினுக்கு அனுப்பியிருக்கிறது. இன்று மதியம் லாரி. புதியது அப்படிச் செய்யவில்லை. அவருடைய கணக்கில் நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒன்று முதல் ஐந்து வரைதான் வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவருக்கு ஏழு என்று இருக்கிறது. ஏழு என்றால் என்னவென்று எந்தக் காகிதத்திலும் இல்லை. பழைய விவரங்களைப் புதியதற்கு மாற்றியபோது ஒருவருக்கும் ஏழு இருக்கவில்லை. முந்தாநாள்தான் யாரோ போட்டிருக்கிறார்கள்.

"ஏழு போட்டது யாருன்னு கேட்டீங்களா?"

"மேனேஜரைக் கேட்டேங்க ஐயா. அப்புறம் பேசிக்கலாமுங்கறார். மூணு தடவை கேட்டுட்டேன். மூணு தடவையும் வெளக்கைப் பார்த்துட்டு அதையேதான் சொல்றார்."

மேனேஜர் ராசு கதவோரம் நின்றிருந்தார். இருபத்தைந்து வருஷமாக அங்கே இருப்பவர். பேரேட்டைப் பார்க்காமலே நானூறு பண்ணைக்காரரின் பெயரும் சொல்வார். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பண்ணை?" என்றார் சின்னண்ணன்.

"மோகனூருங்க. நல்லதம்பின்னு பேர் இருக்குது."

சின்னண்ணன் ராசுவைப் பார்த்தார். குணசீலனும் ஒரு கணம் கழித்துத்தான் புரிந்துகொண்டான். அவன் முகத்தில் இருந்த எரிச்சல் அப்படியே வடிந்தது.

நல்லதம்பி திங்கட்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். சின்னண்ணன் சாவுக்குப் போய்விட்டு வந்தார். வந்து குளித்துவிட்டு, ராசுவுக்குப் போன் செய்து சொன்னது ஒரே வார்த்தைதான்: "மோகனூருக்கு ஏழு போட்டுருங்க."

ஆலை தொடங்கிய நாளிலிருந்து நடக்கிற வழக்கம் அது. துக்க வீட்டில் கருமாதி முடியும் வரைக்கும் யாரும் வியாபாரம் பேசமாட்டார்கள். கணவனைப் பறிகொடுத்தவள் ஆறாம் நாள் போனை எடுத்துத் தீவனம் அனுப்புங்கள் என்று கேட்கமாட்டாள். கேட்கும்படி விடவும் கூடாது. ஆனால் கோழிக்கு அது தெரியாது. ஒரு நாள் தீவனம் தப்பினால் முட்டை குறையும், ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும், பழையபடி திரும்ப மாதம் ஆகும். சின்னண்ணனின் தகப்பனார் இறந்தபோது அவர்கள் பண்ணையில் அப்படித்தான் நடந்தது. அதனால் ஆலையில் ஏழு போட்ட வீட்டுக்கு, அவர்கள் கேட்காமலே, போனவாரம் போன அளவு தீவனம் போகும். போன் போகாது, குறுஞ்செய்தி போகாது. டிரைவர் மூட்டையை இறக்கிவிட்டுச் சொல்லாமல் திரும்பி வருவான்.

இது ஏன் காகிதத்தில் வரவில்லை என்பதும் சின்னண்ணனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் இந்த வேலையைத் தொடங்கிய நாளில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு, இதே அறையில்தான் தனப்பிரியா எல்லாரையும் உட்காரவைத்து விதிகளை எழுதிக்கொண்டாள். எல்லாப் பண்ணைக்கும் இதுதானா, விதிவிலக்கு ஏதாவது உண்டா என்று கேட்டாள். ராசு அவரைப் பார்த்தார். அவர் ராசுவைப் பார்த்தார். நல்ல காரியம் தொடங்குகிற இடத்தில் சாவு வீட்டைப் பற்றி யார் வாயெடுப்பது? அதோடு, செய்கிற உதவியை ஊர் பேர் தெரியாத பெண்ணிடம் எழுதிக்கொள்ளச் சொல்வதும் அவருக்குக் கூச்சமாக இருந்தது. "எங்க கிட்ட எல்லாருக்கும் ஒரே வழக்கந்தான்" என்று சொல்லி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"புதுசு அந்த ஊட்டுக்கு என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

தனப்பிரியா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பத்து நாளும் புதியது அனுப்ப வேண்டிய குறுஞ்செய்திகளை அவள் வெளியே போகவிடாமல் ஒரு பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தாள். அதில் ஒன்று: 'மதிப்பிற்குரிய நல்லதம்பி அவர்களே, இந்த வாரம் தங்கள் ஆர்டர் இன்னும் வரவில்லை. தாமதத்தைத் தவிர்க்க உடனே பதிவு செய்யவும். காளியாத்தாள் தீவன ஆலை.'

பொத்தானை அழுத்தியிருந்தால் அது பத்தரை மணிக்குப் போயிருக்கும். நல்லதம்பியின் போன் இப்போது அவர் மனைவி சாலம்மாளின் கையில் இருக்கும். இறந்தவன் பெயருக்கு, இவர் தாயின் பெயரில், தாமதம் செய்யாதே என்று ஒரு செய்தி. புதியது லாரிக்குச் சொல்லியிருக்காது, தீவனமும் போயிருக்காது. எப்போதோ ஒரு நாள் இது நடந்திருந்தாலும் இவருக்குத் தெரியவந்திருக்காது, சாலம்மாள் சொல்லியிருக்கமாட்டாள். அதுதான் அவரை உலுக்கியது.

அவர் எழுந்து நின்றார்.

"இந்தப் பொண்ணு நிறுத்தச் சொன்னது சரிங்க" என்றார் சம்பந்தியைப் பார்த்து. "ஏழுன்னா எழவு ஊடு. நல்ல நாள்ல சொல்லக் கூடாதுன்னு நான் ரெண்டு மாசமா மறைச்சு வெச்சுட்டேன். தப்பு என்னோடது. வெளக்கு எரியட்டும், காப்பி சாப்பிட்டுப் போங்க. பொத்தான் இன்னொரு நாள்."

சம்பந்தியம்மாவின் கை வாய்க்குப் போனது. சம்பந்தி, மோகனூருக்கு லோடு கிளம்பிவிட்டதா, அதைப் பாருங்கள் முதலில் என்றார்.

லோடு பழைய சாஃப்ட்வேரின் சொல்படி ஏற்கெனவே மிஷினில் கலந்துகொண்டிருந்தது. ராசு எடை மேடைக்கு ஓடினார். அவருக்கு ஓட வேண்டிய வேலை எதுவும் அங்கே இல்லை. ஆனால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

அதற்குள் தனப்பிரியாவின் போன் அடித்தது. அவள் சுவரோரம் திரும்பி நின்று, சரிங்க சார், தெரியுமுங்க சார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. வாடிக்கையாளர் முன்னால் கம்பெனி மானம் போயிற்று என்று தீனதயாளன் சொல்வதும் கேட்டது. சின்னண்ணன் கையை நீட்டினார். அவள் தயங்கிவிட்டுப் போனைக் கொடுத்தாள்.

"தீனதயாளனுங்களா? நான் சின்னண்ணன். யாரு மானத்தைப் பத்திப் பேசறீங்க?" என்றார். அவர் நிதானமாகச் சொன்னார். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்லாதது ஆலையின் முதலாளி. நிறுத்தியதற்கு ரிப்போர்ட் எழுதுவீர்களாம், அதில் காரணம் என்கிற இடத்தில் என் பெயரை எழுத வேண்டும். எழுதி எனக்கு ஒரு காப்பி அனுப்ப வேண்டும், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவேன். "பொண்ணு பேரு அதுல வந்துதுன்னா நல்ல விதமா மட்டும் வரணும்" என்று முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தனப்பிரியா அன்று மதியமே ராசுவை உட்காரவைத்து, இன்னும் என்னென்ன சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ராசு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு சொன்னார்.

புதிய விதியைச் சேர்த்து, இல்லாத ஒரு பண்ணைக்காரரை உண்டாக்கி, அவரைச் சாகவைத்துக் கருமாதி வரைக்குமான பதினாறு நாளையும் ஓட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்தப் பொய்ப் பண்ணைக்காரருக்கு யார் பெயரும் வைக்காமல் எண் மட்டும் கொடுத்திருந்தாள். யார் பெயரை வைத்தாலும் நன்றாக இருக்காதுங்களே என்றாள். சின்னண்ணன் அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த புதன்கிழமை, கூட்டம் எதுவும் கூட்டாமல், காலை வேலைக்கு நடுவில் பழையதை நிறுத்திப் புதியதற்கு மாறினார்கள். அந்த வாரம் சாலம்மாளின் இரண்டாவது லோடு புதியதன் சொல்படி போனது.

மறுநாள் தனப்பிரியா சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சின்னண்ணன் ராசுவைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் தகப்பனார் நம்பர் வேண்டும் என்றார். முகத்துக்கு நேராக ஒரு சின்னப் பெண்ணிடம் நன்றி சொல்வது அவருக்கு வராது. ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்ல வேண்டியது அது என்பது அவர் எண்ணம்.

ஜலகண்டாபுரத்தில் பத்து விசைத்தறி வைத்திருந்தார் அவள் அப்பா அருணகிரி. தறிச் சத்தத்தில் முதலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து, நாமக்கல் தீவன ஆலை முதலாளி என்று கேட்டதும் பதறிப்போனார்.

"ஏனுங்க, புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டுதுங்களா?"

"இல்லீங்க. ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் உக்காந்து கேளுங்க."

பிறகு சின்னண்ணன் ஆரம்பத்திலிருந்து சொன்னார். விளக்கையும் சம்பந்தியையும் மோகனூரையும், தாம் மறைத்ததையும், எதையும் விடவில்லை. பெரிய மனுஷர்கள் இத்தனை பேர் அழுத்து அழுத்து என்றபோது ஒரு வரிக்காக அந்தப் பெண் தனியாக நின்றதைச் சொன்னார். எங்கள் அம்மா பேர் கெடாமல் இருக்கிறதென்றால் அது உங்கள் வீட்டு வளர்ப்பால்தான் என்றார். லைன் போய்விட்டதோ என்று சின்னண்ணன் போனைப் பார்த்தார்.

"இருக்கேனுங்க" என்றார் அருணகிரி. "சின்னதுலயே அப்படித்தானுங்க. தறியில ஒரு இழை அறுந்துபோச்சுன்னா நான் பரவாயில்லைம்பேன். அது உடாதுங்க, தறியை நிறுத்திப்போடும். எத்தனை நாள் திட்டியிருக்கேன் தெரியுங்களா?"

"இனித் திட்டாதீங்க" என்றார் சின்னண்ணன்.

நாமக்கல் பக்கம் வந்தால் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தார். ஜன்னல் வழியே தனப்பிரியா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போக வாசல் பக்கம் நடப்பது தெரிந்தது. அவர் எழுந்து, குணசீலனைக் கூப்பிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளையை ஜலகண்டாபுரம் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு, உள்ளே போய் அவர்கள் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரச் சொன்னார்.